திவ்யா வரலாறு படிக்கப் போகிறாள்

ஹட்டன்

அன்புள்ள லெட்சுமி,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா, மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாளா என்பதையெல்லாம் பதில் கடிதத்தில் எழுது. குரல் பதிவு அனுப்பினால் நீ குழம்பைக் கிளறிக்கொண்டே பாதியைக் கேட்டுவிட்டுக் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

என் அண்ணன் மகள் திவ்யாவுக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. வரலாற்றுக்கும் தமிழுக்கும் ஏ, அரசியல் விஞ்ஞானத்துக்கு பி. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளியும் நன்றாக இருக்கிறது. கலைப்பீடம் நிச்சயம் கிடைக்கும் என்கிறார்கள் அவளுடைய ஆசிரியர்கள். பெறுபேறு வந்த அன்று மாலையே, எல்லோரும் இனிப்புச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போகிறேன், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்யப் போகிறேன் என்று சொன்னாள். அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணனை உனக்குத் தெரியும். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், கேள்வி கேட்பார். "செத்துப்போன ராஜாக்களைப் படித்து யாருக்குச் சோறு போடப் போகிறாய்?" என்று கேட்டார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போனால் மூன்று வருடத்தில் ஆசிரியர் நியமனம் கையில் இருக்கும். கலைப் பட்டதாரிகளோ பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் வேலை கேட்டுக் கோஷம் போடுகிறார்கள் என்பது அவருடைய வாதம். அதில் பொய் இல்லை. அண்ணி இன்றும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். அந்த வீட்டுக்கு ஒரு நியமனக் கடிதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? நானும் ஆசிரியர் சம்பளத்தில் நிமிர்ந்தவள்தானே.

இருந்தாலும் நான் திவ்யாவின் பக்கம் நிற்கிறேன். ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இத்தனை தாளும்.

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. 2023இல், நம்மவர்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடைபயணம் மாத்தளைக்கு வந்த அன்று அவளும் தோழிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். திரும்பி வந்தவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, இந்தப் பாதையில் நடந்து வந்தவர்களில் நம் வீட்டு ஆள் யார்? பெயர் என்ன?" என்னிடம் பதில் இல்லை. அப்பாவின் தாத்தா வரை தெரியும், அதற்கு மேல் ஊர்ப் பெயர் மட்டும்தான். நமக்கு மூக்குப்பொடி மாஸ்டர் விஜயனிலிருந்து கண்டி கடைசி மன்னன் வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தார். உன்னைத் தவிர வகுப்பில் எல்லோரும் ஒப்பித்தோம். ஆனால் நம் வாத்தியார் உட்பட ஒருவரும் நம் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எங்கிருந்து, யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தானாகக் கேட்டாள்.

இப்போது ஒவ்வொரு மாலையும் எங்கள் வீட்டு மேசையில் திட்டம் போடுகிறோம். பேராதனையில் கலைப்பீடத்துக்கு எடுத்தால் நேரே வரலாற்றுச் சிறப்புக் கற்கைக்குப் போய்விட முடியாது. முதல் வருடம் மூன்று பாடங்கள் படிக்க வேண்டும்; அந்தப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புக்கு எடுப்பார்கள். அங்கே தவறினால் மூன்று வருடப் பொதுப் பட்டம். ஆகவே அந்த மூன்று பாடங்கள் எவை என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. வரலாறு, தமிழ், தொல்லியல் என்கிறாள் அவள். தமிழை விட்டுவிட்டுப் பொருளியலை எடு என்கிறேன் நான். தமிழை அவள் எப்படியும் படிப்பாள். தேயிலைத் தோட்டத்தின் வரலாற்றைக் கணக்குத் தெரியாமல் எப்படிப் படிப்பது? 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பியில் நட்டமடைந்த தோட்டம் எப்படித் தேயிலைக்கு மாறியது, கடன் யார் கொடுத்தார்கள், ஆள் சேர்த்து வந்த கங்காணியின் முன்பணம் தொழிலாளியின் தலையில் எப்படி ஏறியது, துண்டு முறையில் அந்தக் கடனோடு சேர்த்து ஆளையே எப்படி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் ரூபாய் சதக் கணக்குத்தான். கண்ணீரைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். பற்றுச்சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை நமக்கு வேண்டும்.

மொழி விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். தமிழ் மொழிமூலம் படிக்கலாம், பிரச்சினையில்லை. ஆனால் தோட்டத்தை நடத்திய துரைமார் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர், துரை யார் என்று வருடாவருடம் அச்சடித்த பெர்குசன் டைரக்டரியும், ஆளுநர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களும் ஆங்கிலத்தில்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சிங்களம். இதைச் சொன்னபோது திவ்யாவே புருவத்தை உயர்த்தினாள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை ஆக்கியது. கண்டிக் கிராமத்து விவசாயி ஏர் பூட்டாத மலைச்சாரல்தான் பிறகு கோப்பித் தோட்டமானது. நம் பாட்டன்மார் அந்த நிலத்தில் வேலைக்கு வந்தார்கள். அதைப் பறித்தவர்கள் அவர்களல்ல. ஆனால் தோட்டத்துக்குக் கீழேயுள்ள கிராமத்தில் அந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் மலையகத்தின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு. பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்களோடு உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே கதைக்கத் தெரிந்த ஒரு பெண் பேராதனையிலிருந்து வெளியே வர வேண்டும் என்பது என் ஆசை, லெட்சுமி.

இதற்கிடையில் அவளுடைய தோழிகள் யாழ்ப்பாணத்தை முதலாவதாகப் போடச் சொல்கிறார்கள். அங்கேயும் நல்ல வரலாற்றுத்துறை இருக்கிறது. வரலாற்றாசிரியர் இந்திரபாலா போன்றவர்கள் கற்பித்த இடம். கல்வெட்டு அவளை இழுத்தால் அதுவும் நல்ல முடிவுதான். ஆனால் பேராதனை என்றால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் போகும் பாதையே பாடம். கம்பளையைச் சுற்றித்தான் முதல் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அதே கம்பளை 14ஆம் நூற்றாண்டில் இராசதானி. பல்கலைக்கழகத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் கடலாதெனியா விகாரை இருக்கிறது. 1344இல் நான்காம் புவனேகபாகு காலத்தில் அதைக் கட்டிய சிற்பி கணேசுவராச்சாரி, தென்னிந்தியப் பாணியில் கல்லால் கட்டினார். போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கல் தூணில் செதுக்கியிருந்த ஆடற்பெண்களைப் பார்த்தபடி அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு "அத்தை, நாம் வருவதற்கு முன்னும் வந்திருக்கிறார்கள்" என்றாள். தோட்டத்தைத் தாண்டியும் அவள் பார்க்க வேண்டும். தேயிலைச் செடிக்குள்ளேயே நின்றுவிட்டால் அவளும் அண்ணன் சொல்வதுபோல் ஒரே கதையைத் திரும்பச் சொல்கிறவளாகிவிடுவாள்.

சரி, இப்போது உனக்குரிய விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தோட்டத்துக் காரியாலயத்தின் பின்னறையைச் சில கிழமைகளுக்கு முன் துப்புரவாக்கினார்கள். பழைய புத்தகங்களையெல்லாம் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். நினைத்துப் பார், எத்தனை தலைமுறையின் பெயர்கள்! கிலோ கணக்கில்! யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? திவ்யா கேள்விப்பட்டு ஓடிப்போய், லொறிக்காரரிடம் கெஞ்சி, தொழிலாளர் வேலைக்கு வந்த நாட்களைக் குறிக்கும் செக்ரோல் புத்தகம் ஒன்றை மட்டும் வாங்கி வந்தாள். நம் கைமுழம் நீளம் இருக்கிறது. ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. இடப்பக்கம் ஆங்கில எழுத்தில் பெயர்கள். கருப்பாயி என்று பல பேர் இருப்பதால் எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். வலப்பக்கம் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னக் கட்டம். முழுநாள் கூலிக்கு முழுப்பேர் என்றால் 1, அரைநாளுக்கு அரைப்பேர் என்றால் ½. சில பெயர்களின் மேல் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் 'இந்தியா'.

உன் அம்மாவின் பெயர் அதில் இருக்கிறது. அவருக்குப் பின் உன் பெரியம்மா. இரண்டின் மேலும் சிவப்புக் கோடு. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்போமே, அதில் ஏறுவதற்கு முதல் நாள் வரை உன் அம்மா மலைக்குப் போயிருக்கிறார். அந்தக் கடைசி நாளுக்கு அரைப்பேர்தான் போட்டிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போகிறவளின் கடைசி நாளில் பாதியை வெட்டியிருக்கிறார்கள்! அப்போது எங்கள் கணக்கப்பிள்ளை யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நான் பெயர் எழுதவில்லை.

1964 ஒக்டோபரில் நம்மவர்களை இரண்டு நாட்டுக்குமாகப் பிரிக்கும் ஒப்பந்தத்தில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. 1947 தேர்தலில் நம்மவர்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதும், மறு வருடமே நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்ததும்கூடப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு தோட்டத்தின் ஒரு லயத்திலிருந்து யார் யார் போனார்கள், ராமானுஜம் கப்பலில் இறங்கி மண்டபம் முகாமிலிருந்து எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார்கள், அங்கே என்ன வேலை கிடைத்தது, இங்கே யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்று பெயர் பெயராக எடுத்து எழுத வேண்டும் என்கிறாள் திவ்யா. நான்காம் வருட ஆய்வேட்டுக்கு இதுதான் அவளுடைய எண்ணம். இன்னும் முதலாம் வருடமே தொடங்கவில்லை, அதற்குள் ஆய்வேடா என்று அண்ணன் கேட்கிறார். நான் தடுக்கவில்லை. கேள்வி முதலில் இருந்தால்தான் எந்தப் பாடம், எந்த மொழி, எந்தக் காப்பகம் என்பது தெரியும். நான்கு வருடத்தில் அந்தக் கேள்வி மாறலாம், மாறட்டும். அதுவரை உன் பெரியம்மா இருப்பாரா என்பதுதான் என் கவலை. அதனால் கேட்டுப் பதிவுசெய்கிற வேலையை இப்போதே தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ போன தீபாவளிக்குக் கதைத்தபோது, "பழசைக் கிளறாதே, அம்மா அழுவாள்" என்று சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. உன் அம்மா விரும்பாவிட்டால் ஒரு கேள்வியும் வேண்டாம். ஆனால் நீயாக முடிவு செய்யாதே, அவரிடமே கேள். என் அம்மாவிடம் நான் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னார், சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவுமில்லை. நாம் கேட்காததால்தான் அவர்கள் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அண்ணன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. பட்டம் முடித்தாலும் ஆசிரியராகலாம், நிர்வாக சேவைப் பரீட்சை எழுதலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். மகாபொல உதவித்தொகை கிடைத்தால் விடுதிச் செலவில் ஒரு பகுதி போகும், மிச்சத்துக்கு நான் இருக்கிறேன் என்றும் சொன்னேன். அதற்குப் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டார். ஆனால் நேற்று அந்த செக்ரோலைத் தானே எடுத்து, எங்கள் அப்பாவின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி அதைப் பார்த்து எனக்குக் கண்ணைக் காட்டினார். விண்ணப்பத்தில் முதல் தெரிவு பேராதனைதான்.

உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். தகரப் பெட்டியில் இருக்கிற குடும்ப அட்டை, பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் சேர்ந்தபோது கொடுத்த காகிதம் எதையும் எனக்கு அனுப்பாதே. தபாலில் தொலைந்தால் என்ன செய்வது? வெயிலில் வைத்து உன் பேரனைப் படம் எடுக்கச் சொல். கூடலூர்ப் பக்கம் போன நம் மேட்டுலயத்துக் குடும்பங்கள் யார் யார் என்று ஞாபகம் வருவதையும் எழுது. திவ்யா ஞாயிற்றுக்கிழமை உனக்கு அழைப்பாள். அவளை "கண்ணு, கல்யாணம் எப்போது" என்று கேட்டாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். படம் எடுக்கும்போது ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள், முத்திரையும் திகதியும் பெரும்பாலும் அங்கேதான் குத்தியிருப்பார்கள்.

அன்புடன்,
உன் ராஜி