ஒற்று எண்ணும் வாசகருக்குக் கால் பக்கமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுத்த படுக்கையாகிவிட்ட தாயை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்ட பெண் ஒருவர் தங்கள் இதழில் கட்டுரை எழுதியிருந்தார். அதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கடிதம். ஒற்றுப்பிழை ஐந்து, காற்புள்ளி இல்லாத இடம் இரண்டு என்று பட்டியல் போட்டுவிட்டு, 'முதலில் தமிழ் கற்றுக்கொண்டு பிறகு எழுத வரட்டும்' என்று முடித்திருக்கிறார். அந்தத் தாயைப் பற்றி ஒரு வரி இல்லை. இதற்குக் கால் பக்கம் ஒதுக்கிய தங்கள் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

அந்த ஐந்தில் ஒன்று பிழையே அல்ல. 'கை தளர்ந்துவிட்டது' என்று அந்தப் பெண் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். 'கைத் தளர்ந்துவிட்டது' என்று திருத்தச் சொல்கிறார் நம் புலவர். எழுவாயை அடுத்து வல்லினம் மிகாது என்பது பள்ளிக்கூடப் பாடம்; தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அச்சேற்றினீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே வயிறு வளர்த்தவன். இந்த ஆசாமிகளை, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த காலத்திலிருந்தே தெரியும். விழா அழைப்பிதழ் அடிக்க வந்த ஒரு பெரியவர், பெயர்ப் பட்டியலில் 'திரு'வுக்குப் பின்னால் புள்ளி கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஈயத்தில் ஒரு புள்ளியைப் பிடுங்கினால் வரி முழுதும் தளர்ந்துவிடும். இடைவெளித் துண்டு செருகி மறுபடி இறுக்க வேண்டும். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்து கொடுத்தார். பெரியவர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மாலை 6 மணி விழா, அழைப்பிதழில் காலை 6 மணி! அவர் கைப்பட எழுதிக் கொடுத்த தாளிலேயே அப்படித்தான் இருந்தது. பழி மட்டும் எங்கள் தலையில்.

காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் அகத்தியரே கையோடு கொண்டுவந்தது போல் இவர்கள் பேசுவார்கள். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி ஏது? மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஏடுகளோடு மல்லுக்கட்டித்தான் உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு எழுதியவனுக்குத் தமிழ் தெரியாது என்று அவர் தூக்கிப் போட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோதும் இதே கூட்டம்தான் எங்கள் அச்சகத்துக்கு வந்து புலம்பியது. 'லை'யும் 'னை'யும் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவை இழந்தால் தமிழே போய்விடும் என்றார்கள். பெரியார் 1935இலேயே அந்தச் சீர்திருத்த எழுத்தில் குடியரசு இதழை அச்சிடத் தொடங்கிவிட்டார் என்பதை அவர்களிடம் யார் சொல்வது?

இதெல்லாம்கூடப் பழைய கதை. என் மாமியார் இறந்த செய்தியை என் மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது முதலில் வந்த பதில் என்ன தெரியுமா? 'இறந்துவிட்டார் என்று சேர்த்து எழுது.' இரங்கல் அதற்கப்புறம்தான் வந்தது. அன்றிலிருந்து அவள் அந்தக் குழுவில் எதற்கும் கட்டைவிரல் படம் மட்டும்தான் போடுகிறாள்.

பொருள் கெடுகிற பிழையைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். மருந்தின் அளவில் ஒரு புள்ளி நகர்ந்தால் ஆளையே கொன்றுவிடும். அதற்காக விட்டுப்போன இக்கன்னாவுக்கெல்லாம் கொலைக் குற்றம் சாட்டுவதா? அப்படியே ஒற்று விடுபட்டாலும் கேட்க வேண்டியது தங்கள் அலுவலகத்துப் புரூஃப் மேசையை, அந்தப் பெண்ணை அல்ல.

இனி இத்தகைய கடிதங்களை அச்சிடாமல் அந்த மேசைக்கே அனுப்பிவிடுங்கள். அடுத்த இதழில், 'கை தளர்ந்துவிட்டது' என்பது சரியே என்று ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் எந்தப் பத்தியை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
தங்கள் நெடுநாள் வாசகன்