டிசம்பர் 1 இரவு அரங்கைப் பூட்டாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய பேஸ்போல் ஆணையாளர் அவர்களுக்கும், முப்பது அணிகளின் உரிமையாளர்களுக்கும், ஆட்டக்காரர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வட அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் லீக்கில் உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான உங்கள் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 இரவோடு முடிகிறது. ஓர் அணி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு எல்லை வைக்கும் ஊதிய உச்சவரம்பு பற்றிய இழுபறியை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. என்னை எழுத வைத்தது ஓர் உவமை. ஆணையாளர் றொப் மான்ஃபிரெட் அவர்கள் 2025 ஜனவரியில் கொடுத்த செவ்வியொன்றில், ஆட்டமில்லாத குளிர்காலத்தில் உரிமையாளர்கள் ஆட்டக்காரரை வெளியே நிறுத்திக் கதவடைப்புச் செய்வது ஒருவகையில் நன்மையே என்ற பொருளில் பேசி, அது பெரிய துப்பாக்கியையோ அணுகுண்டையோ எடுக்காமல் சிறிய துப்பாக்கியை எடுப்பதைப் போன்றது என்றார். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்து ஸ்காபரோவில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அது சிறியதா பெரியதா என்று யோசிக்க நேரம் இருப்பது அதைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே, ஐயா. அதன் எதிரே இம்முறையும் நிற்கப்போகிறவர்கள் யார் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

என் அப்பா ரொறன்ரோ அரங்கில், ஆட்டம் முடிந்து சனம் வெளியேறிய பிறகு இருக்கை வரிசைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்தவர். கச்சான் கோதுகளை முதலில் விளக்குமாற்றால் படிப்படியாகக் கீழே தள்ளிக்கொண்டு வரவேண்டும். குளிர்பானம் ஊற்றி ஒட்டிப்போன இடங்களை முழங்காலில் இருந்து சுரண்ட வேண்டும். விடிகாலை முதல் ரயிலில் கென்னடி நிலையத்துக்கு வந்து வீடு சேரும்போது, யாராவது விட்டுச் சென்ற ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்று அவர் பைக்குள் இருக்கும். நான் ஆங்கிலம் வாசிக்கப் பழகியது அந்தப் புத்தகங்களில்தான். 1993 ஒக்ரோபர் 23 இரவு ஜோ காட்டர் அடித்த பந்து இடதுபுற வேலியைத் தாண்டி, எங்கள் ரொறன்ரோ அணியான புளூ ஜேஸ் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கிண்ணத்தை வென்றபோது, அப்பா வீடு திரும்பக் காலை ஒன்பது மணியாயிற்று. களைத்துப்போய் வந்த மனிதர் சாப்பிடக்கூட உட்காராமல் அந்த அடியை எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆட்டம் நின்றது. அப்பாவுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆட்டம் இல்லையென்றால் கூலியும் இல்லை. அவரை வைத்திருந்த ஒப்பந்தக்காரரை நான் குறை சொல்லவில்லை, ஆளில்லாத அரங்கில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? அம்மா தோய்த்து மடித்து வைத்த நீலச் சட்டை அலமாரிக்குள் அப்படியே கிடந்தது. செப்ரெம்பர் 14ஆம் திகதி உலகத் தொடரும் கிடையாது என்று அறிவித்தீர்கள். 1904க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அந்த மாதம் அப்பா, தங்கைக்காகப் போட்டுவந்த சீட்டை, பெருந்தொகை கழிவு கொடுத்து எடுத்து வீட்டு வாடகையைக் கட்டினார். 232 நாள் கழித்து நீங்கள் சமாதானமாகிவிட்டீர்கள். கழிவாகப் போன காசு திரும்பி வரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: டிசம்பர் 1 இரவு கதவைப் பூட்டாதீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டமும் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டுப் பருவமே, முந்தைய ஆண்டின் கடைசி நாளோடு ஒப்பந்தம் காலாவதியான நிலையில்தான் தொடங்கியது. ஆனால் அந்தப் பருவம் வேலைநிறுத்தத்தில் முடிந்ததே என்று உரிமையாளர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகையால் வாக்குறுதியை இரண்டு தரப்பும் ஒரே தாளில் எழுதுங்கள்: புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாகும்வரை பழைய விதிகளின்படியே ஆடுவோம், உரிமையாளர்கள் கதவடைக்க மாட்டோம், ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம்.

ஆட்டக்காரருக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று குறை சொல்பவன் அல்ல நான். எங்கள் புளூ ஜேஸ் ஆட்டக்காரர் விளாடிமிர் குவெரேரோ ஜூனியருக்கு 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலர் என்றபோது எங்கள் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் 2026இல் உங்களில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரருக்கே 780,000 டொலர். கதவடைப்பைத் தாங்கிக்கொள்ள அவரிடம் சேமிப்பு இருக்கலாம். 81 உள்ளூர் ஆட்டங்களை நம்பி இருக்கிற உணவுக்கடைத் தொழிலாளியிடம் என்ன இருக்கிறது?

அணியை இழந்த நகரத்தையும் நினைத்துப் பாருங்கள். 1994இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிகளுக்கும் முன்னால் நின்றது மொன்றியல் எக்ஸ்போஸ். அந்தப் பருவம் முடிக்கப்படவே இல்லை. பத்து ஆண்டுகளில் அணி வோஷிங்டனுக்குப் போய்விட்டது. வேலைநிறுத்தத்துக்கு அடுத்த 1995ஆம் ஆண்டுப் பருவத்தில் எல்லா அரங்குகளிலுமாக ஏறத்தாழ 20 விழுக்காடு கூட்டம் குறைந்ததும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. இரசிகர்களின் பொறுமை எங்கள் சொந்த முதல் என்று நினைக்கும் பழக்கம் உங்களுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. ரொறன்ரோ அரங்கு பெருமளவு பொதுப் பணமும் சேர்ந்து 1989இல் ஏறத்தாழ 570 மில்லியன் கனேடிய டொலரில் எழுந்தது. 2004இல் சுமார் 25 மில்லியனுக்குக் கைமாறியது. அந்தக் கட்டடத்தில் எங்கள் வரிப்பணம் இருக்கிறது, எங்கள் அப்பாக்களின் முழங்கால் வலி இருக்கிறது. அதன் கதவைப் பூட்டும் முடிவில் மட்டும் எங்களுக்குப் பங்கில்லை. குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள்க.

2025 நவம்பர் 1 இரவு, எங்கள் அணிக்கு 32 ஆண்டுகளுக்குப் பிறகு வாய்த்த உலகத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில், 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணியிடம் தோற்றோம். நள்ளிரவு தாண்டியிருந்தது. என் மகள் அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவி, அடுத்த வருசம் பார்ப்பம் பிள்ளை என்றார். தோல்விக்கு அந்த ஆறுதல் போதும். பூட்டிய கதவுக்கு அவளிடம் என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பேசுங்கள், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்படியும் ஓர் ஆட்டமாவது தடைப்படுமானால், ஆட்டக் கூலிக்கு வேலை செய்யும் அரங்குத் தொழிலாளர்களின் அந்த நாள் கூலியை இரு தரப்பும் சரிபாதியாகக் கொடுப்பதாக இப்போதே எழுதித் தாருங்கள். டிசம்பர் 1ஆம் திகதிக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஓர் இரசிகன்