மூன்று மார்க்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் சொன்னதை அவள் அன்று ராத்திரியே என்னிடம் சொல்லிவிட்டாள். நம் வீட்டில் ரகசியம் எப்போது தங்கியிருக்கிறது? பையனும் உன்னை மாதிரி ரேடியாலஜி டாக்டர்தான், பிடித்திருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்கு வந்தும் ஸ்கேன் பேச்சுதானா என்று யோசிக்கிறாயாம்.

அந்தப் பயம் வேண்டாம். நானும் அம்மாவும் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியே காலத்தை ஓட்டியவர்கள். சாப்பிட உட்கார்ந்து லென்ஸ் கணக்குக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். குழம்பு ஆறிப்போனதுதான் நஷ்டம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு மணிக்கு வந்தால் ஏன் லேட் என்று இருவருமே கேட்டதில்லை. அது பெரிய நிம்மதி.

கஷ்டம் வேறு. பேப்பர் திருத்தும் கேம்ப் இருவருக்கும் ஒரே நாளில் வரும். உனக்கு அம்மை போட்ட வருஷம் வேப்பிலையோடு பக்கத்தில் இருந்தது உன் ஆச்சிதான். உங்களுக்கும் நைட் டியூட்டி ஒன்றாக விழும், வேலை ஆளுக்கொரு ஊரில் கிடைக்கும். யாருக்காக யார் ஊர் மாறுவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. வெளியூரில் ஹெச்.எம். புரமோஷன் வந்தபோது அம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். போ என்று நானும் சொல்லவில்லை.

இன்னொன்று, உன்னிடம் இதுவரை சொல்லாதது. ஒரு வருஷம் கேம்ப்பில் அம்மா ஸ்க்ரூட்டினி ஆபீசர், திருத்திய பேப்பரைச் சரிபார்க்கிறவள், நான் அவள் டீமில் திருத்துகிறவன். ஒரு பேப்பரில் மூன்று மார்க்கைக் கூட்டாமல் விட்டிருந்தேன். "சார், இதக் கொஞ்சம் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் நீட்டினாள். தப்பு என்னுடையது, மார்க் யாரோ ஒரு பிள்ளையுடையது. ஆனாலும் இரண்டு நாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு யாராவது காட்டியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். இதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இத்தனைக்கும் பியர் கியூரி கதையை வருஷாவருஷம் கிளாஸில் சொன்னவன் நான். 1903 நோபலுக்கு முதலில் பரிந்துரைக்கப்பட்டது பெக்கரலும் பியரும்தான், கூடவே ஆராய்ச்சி செய்த மனைவி மேரியின் பெயர் இல்லை. விஷயம் தெரிந்ததும், மேரியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று பியரே எழுதினார். அப்புறம்தான் பரிசில் அவள் பெயரும் வந்தது.

இருவருக்கும் இளையராஜா பிடிக்கும், மலையேறப் பிடிக்கும் என்பதெல்லாம் நல்லதுதான். நான் ராத்திரி முழுக்க கிரிக்கெட் பார்ப்பேன், அம்மா தலைவலி என்பாள், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அவன் படித்த ஸ்கேனில் விட்டுப்போனதை, சீனியர் முன்னால் நீ எடுத்துச் சொன்னால் அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார். அவன் உன் தப்பைக் காட்டும்போது உன் முகத்தையும் பார்த்துக்கொள். நீ என் பெண், எனக்கு அந்தப் பக்கம்தான் கவலை.

பொங்கலுக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன், உனக்காகத்தான் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா