ஆயாவின் தகரப் பெட்டியைப் படித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

நகரி, ஏகாம்பரகுப்பம் ஊராருக்கும், திருத்தணியில் எங்களுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

போன ஆடிக்கிருத்திகைக்குக் காவடி பார்க்க எங்கள் குடும்பம் முழுக்க என் வீட்டில் கூடியிருந்தது. அன்று சாயங்காலம் 79 வயதான என் நைனாவின் (அப்பாவின்) எதிரில் உட்கார்ந்து, அவருடைய அப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் கைதியாக இருந்தபோது வீட்டுக்கு அனுப்பிய 11 கடிதங்களையும் உரக்கப் படித்தேன். அந்தக் கடிதங்கள் எங்கள் வீட்டிலேயே, ஆயாவின் (நைனாவின் அம்மாவின்) தகரப் பெட்டியில், எழுபது வருஷத்துக்கு மேல் இருந்தவை. ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை. படிக்க வைத்தது நீங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாத்தா கடிதம் அனுப்பிய காலத்தில் எங்கள் சித்தூர் ஜில்லா மதராஸ் மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிரிந்தபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நகரி அங்கேயே இருந்துவிட்டது. வீட்டில் பேசுவது தமிழ். நைனா படித்தது தெலுங்குப் பள்ளியில், நானும் அப்படியே. கல்யாணமாகித் திருத்தணி வந்த பிறகு, என் மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து தமிழ் எழுத்து கற்றேன். இன்று நாள் முழுக்கத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆனாலும் தாத்தாவின் கடிதம் எனக்குப் பிடிபடவில்லை. புள்ளியே வைக்காத பழைய கையெழுத்து அது. லை, னை எல்லாம் கொம்பு சுழித்த பழைய வடிவம். தேதியோ சித்திரபானு வருஷம், சுபானு வருஷம் என்று இருந்தது.

முதல் நன்றி, இன்று உயிரோடு இல்லாத ஒரு தபால்காரருக்கு. அவர் பேரப்பிள்ளைகள் நகரியில் இருக்கிறார்கள், இதை அவர்களிடம் காட்டுங்கள். தறி வருமானம் போதாமல் தாத்தா பட்டாளத்தில் சாமான் ஏற்றி இறக்கும் பிரிவில் சேர்ந்தவர். 1942 ஜூன் 21 அன்று லிபியாவில் டோப்ரூக் என்ற துறைமுக நகரம் எதிரியிடம் விழுந்தது. அங்கே ஜெர்மன், இத்தாலியப் படைகளிடம் பிடிபட்ட ஏறக்குறைய 33,000 பேரில் அவரும் ஒருவர். வீட்டுக்கு வந்த தகவல் ‘காணவில்லை’ என்பது மட்டும்தான். அப்புறம் நாலைந்து மாதம் கழித்து ஓர் அட்டை வந்தது. அதில் தபால்தலை ஒட்டவில்லை. தபால்தலை ஒட்டாத தபால் என்றால் பேரிங், இரட்டிப்புக் காசு கட்டி வாங்க வேண்டும். ஆயாவின் கையில் காசு இல்லை. ‘வேணாம், திருப்பி அனுப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டாராம். அந்தத் தபால்காரர் வாசலிலேயே உட்கார்ந்து, ‘இதுக்குக் காசு கிடையாதும்மா, இது உன் வீட்டுக்காரர் அனுப்பினது’ என்று அட்டையை மடியில் வைத்துவிட்டுப் போனார். கைதித் தபாலுக்குக் கட்டணம் கூடாது என்பதும், முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுத விட வேண்டும் என்பதும் 1929ல் போட்ட ஜெனீவா ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த மனிதர் எழுந்து போயிருந்தால் தாத்தா உயிரோடு இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது, ஏகாம்பரகுப்பம் வாத்தியார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, கொஞ்சம் விவரமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு சாயங்காலம் வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குப் போவார். அவர் படிப்பார், ஆயா சொல்லச் சொல்ல பதிலும் எழுதித் தருவார். கேட்ட கடிதத்தை ஆயா மனப்பாடமாக வைத்திருந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே பாட்டு மாதிரி சொல்வார். ‘இவ்விடம் நான் க்ஷேமம், அவ்விடம் யாவர் க்ஷேமத்துக்கும் எழுதவும். ஐப்பசி மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும். குழியைச் சுற்றி மண் அணைக்கவும். பாவு இறக்கி வைத்திருந்தால் பரணில் போடவும்.’ கைதியாக இருக்கிறவர் எங்கே இருக்கிறேன், என்ன வேலை வாங்குகிறார்கள் என்றெல்லாம் எழுத முடியாது. எழுதினால் தணிக்கைக்காரர் கறுப்பு மை பூசிவிடுவார், ஒரு கடிதத்தில் மூன்று வரி அப்படிப் போயிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, தாத்தாவின் எல்லாக் கடிதத்திலும் தறிக்குழி வருகிறது. குழிக்குள் கால் இறக்கி உட்கார்ந்து நெய்கிற குழித்தறிக்காரருக்கு அந்தக் குழிதானே வீடு.

இன்னொரு கடிதத்தில் லண்டனிலிருந்து இந்தியக் கைதிகளுக்கு வந்த பார்சலைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் பருப்பும் மசாலாத் தூளும் இருந்ததாம். எல்லோரும் சேர்ந்து ரசம் வைத்தார்களாம், ‘புளி மாத்திரம் இல்லை’ என்று முடிகிறது. ஆயா கடைசி வரை ரசத்துக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் இந்த வரியைச் சொல்வார்.

இப்போது கடிதங்களை நாங்களே படிக்கும்போது ஏழாவது கடிதத்தில் ஆயா ஒருநாளும் சொல்லாத இரண்டு வரி இருந்தது. சுபானு வருஷம் வைகாசியில் எழுதியது. அப்படியே தருகிறேன்: ‘நான் வரத் தவறினால் தறியை விற்றுக்கொண்டு உன் தாய் வீடு போய்ச் சேரவும். நீ மறு விவாகம் செய்துகொள்ள எனக்குப் பூரண சம்மதம்.’

படித்ததும் எனக்குக் குரல் நின்றுவிட்டது. நைனா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே, ‘சதுவம்மா (படிம்மா), இன்னொரு தடவை சதுவு’ என்றார். நைனா பிறந்தது தாத்தா திரும்பி வந்த பிறகு, 1946ல்.

அந்த வரியை வாத்தியார் படிக்காமல் தாண்டிவிட்டாரா, இல்லை அவர் படித்து ஆயாதான் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டாரா, தெரியாது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். வாத்தியார் தாண்டியிருப்பார் என்றுதான் என் மனசு சொல்கிறது. எப்படி இருந்தாலும் சரி, இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தத் திண்ணையில் ஒரு பைசா வாங்காமல் படித்து, பதில் எழுதி, ஆயாவைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்பிய அந்த மனிதரின் குடும்பத்தாரை நாங்கள் கை எடுத்துக் கும்பிடுகிறோம். ஆயா தறியை விற்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசிக்கும் குழியைச் சுற்றி மண் அணைத்தார்.

இனி இன்றைக்கு உதவியவர்கள். திருத்தணியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்காக ஒதுக்கினார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் புள்ளி வைத்துக் கொடுத்தார். சித்திரபானு என்றால் 1942, சுபானு என்றால் 1943, தாரண என்றால் 1944 சித்திரையில் தொடங்குவது என்று கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவர்தான். பணம் கொடுத்தபோது கோபித்துக்கொண்டார். நகரி பஸ் ஸ்டாண்டு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி, மடிப்பில் உடைந்துகொண்டிருந்த தாள்களைக் கண்ணாடியில் அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக் கொடுத்தார். ஒரு கடிதத்தைச் சிலநாள் முன்பு ஒருவர் பார்க்க வாங்கிப்போய்த் திருப்பித் தரவே இல்லை, அது போகட்டும். படம் இருக்கிறது.

பள்ளிப்பட்டு பக்கத்து முன்னாள் ராணுவத்துக்காரர் ஐயா முத்திரைகளைப் பார்த்து, தாத்தா எங்கெங்கே இருந்தார் என்று வழி போட்டுக் கொடுத்தார். ரோமுக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் அவெட்சானோ என்ற ஊரின் முகாமிலிருந்து முதல் எட்டுக் கடிதங்கள். 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்த செய்தி வந்ததும் முகாம்கள் கலைந்து, நிறையப் பேரை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் பிரான்சில் எபினால் முகாமிலிருந்து இரண்டு அட்டை. 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் அந்த முகாமின் சுவர் இடிந்தது. தப்பி ஓடியவர்களில் சுமார் 500 இந்தியர்கள் சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டினார்கள். கடைசி அட்டை அங்கிருந்து வந்திருக்கிறது. பனி மூடிய மலைப் படம் போட்ட அட்டை. ‘நம்ம நகரி மூக்கு மலைக்கு யாரோ சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க’ என்று ஆயா சொன்னதாக நைனா சொல்வார். தாத்தா 1945 தை மாதம் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் முதலில் தறிக்குழியில் இறங்கி நின்று பார்த்தாராம்.

கடைசியாக ஒருவர். அவர் யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவெட்சானோவிலிருந்து வந்த எட்டுக் கடிதங்களையும் அவருக்காக எழுதியது கூட இருந்த இன்னொரு கைதி. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பொடி எழுத்தில், ‘எழுதுகிற சோளிங்கபுரத்தானும் வீட்டில் எல்லோரையும் விசாரித்தான்’ என்று இருக்கிறது. செப்டம்பர் குழப்பத்துக்குப் பிறகு வந்த அட்டைகளில் அந்தக் கையெழுத்து இல்லை. தாத்தா ஊர் திரும்பியதும் சோளிங்கபுரம் (இன்றைய சோளிங்கர்) போய் மூன்று நாள் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ‘ழ’ போடும்போது வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்து விடுகிற கை அது. சோளிங்கர் பக்கம் யார் வீட்டிலாவது இத்தாலியில் கைதியாக இருந்த தாத்தாவின் பழைய கடிதமோ, பத்திரமோ, கணக்கு நோட்டோ இருந்தால் அந்த ‘ழ’வைப் பாருங்கள். அதே போல இருந்தால் நகரி ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள். நைனாவை அழைத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
ஏகாம்பரகுப்பம் தறிக்காரர் வீட்டுப் பேத்தி,
திருத்தணி.