பிட் நோட்டீஸுக்கு இருக்கிற சட்டம்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்கிறாய் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை விட்டுவிடாதே என்று உன் தங்கச்சி சொல்லச் சொன்னாள். சின்னவளுக்கு மாதவரம் பக்கம் ஒரு வரன் கூடி வருகிறது, முடிவானதும் எழுதுகிறேன். பிரஸ் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை ஆர்டர் குறைந்துவிட்டது, பாதிப் பேர் வாட்ஸ்அப்பிலேயே அழைத்துவிடுகிறார்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழா நோட்டீஸ்கள்தான் இந்த வருஷம் கைகொடுத்தன.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது மனசை விட்டுப் போகவில்லை. "வடசென்னை ஆளுங்க இருபது ரூபாய் நோட்டுக்கு ஓட்டை வித்தவங்கதானே" என்று உன் சம்பந்தி சொன்னாராம், நீ பேசாமல் இருந்துவிட்டாயாம். அவருக்குச் சொல்ல வேண்டியதை உனக்கு எழுதுகிறேன்.

நடந்ததை நான் மறுக்கவில்லை. வடசென்னை ஆர்.கே.நகர் தொகுதியில் 2017 ஏப்ரல் 12 இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடக்க வேண்டியது. அமைச்சர் வீட்டில் வருமான வரிச் சோதனை, 89 கோடி ரூபாய் விநியோகக் கணக்கு என்று காகிதங்கள் சிக்கியதாகச் செய்தி. 9-ஆம் தேதி இரவு தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. டிசம்பர் 21-ல் மறுபடி நடந்தபோதுதான் இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்து, பிறகு அதைக் காட்டினால் பணம் என்று சொன்னார்களாம் என்ற புகார் கிளம்பியது. ஆனால் இதை நாங்கள் தொடங்கி வைக்கவில்லை. 2009-ல் திருமங்கலம் இடைத்தேர்தலிலேயே, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயர் வைத்தாகிவிட்டது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2019-ல் வேலூர் என்று பணத்துக்காகத் தேர்தல் நின்ற ஊர்கள் வேறும் உண்டு.

எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். விடியற்காலை காசிமேடு போய் கூடையெடுத்து வருபவர். ஒரு தேர்தலில் கவரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். கொடுக்க வந்தவன் கையில் வாக்காளர் பட்டியல் நகல், வீட்டு வரிசைப்படி பெயர்கள், பக்கத்தில் டிக். அக்கா பெயருக்கு எதிரே பேனாவால் ஒரு சுழி போட்டுக்கொண்டு போனான். அன்றைக்கு முழுக்க அவர் வியாபாரத்துக்கே போகவில்லை. "நாளைக்கு ஒரு கையெழுத்துக்கு இவங்ககிட்டதானே போய் நிக்கணும்" என்பதுதான் அவர் கவலை. வாங்குவது சரி என்று நான் சொல்லவே மாட்டேன், கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். ஆனால் வாங்க மறுப்பவர் தலையில் என்ன விடிகிறது என்று உன் சம்பந்தி ஒரு முறை யோசிக்கட்டும். அந்தக் கவரில் இருக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல், நீட்டிய கையை மட்டும் திட்டுவதில் நியாயம் இல்லை.

எங்கிருந்து வருகிறது என்பதை என் தொழிலை வைத்தே சொல்கிறேன். தேர்தல் நேரத்தில் ஆயிரம் பிட் நோட்டீஸ் அடித்தாலும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி அடியில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். ஆர்டர் கொடுப்பவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும், அவரைத் தெரிந்த இரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பிரதி, என்ன கூலி என்பதோடு நோட்டீஸையும் சேர்த்து மூன்று நாளுக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. இது நல்ல சட்டம், சேகர். யார் செலவு என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன்.

இதே நாட்டில்தான் 2018-லிருந்து தேர்தல் பத்திரம் விற்றார்கள். ஸ்டேட் பாங்கில் பணம் கட்டி வாங்கி, பிடித்த கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கிற பத்திரம் அது. முதல் கட்டமாக விற்ற நான்கு ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. ஒரு கோடி ரூபாய் பத்திரத்தில்கூட வாங்கியவர் பெயர் கிடையாது. கம்பெனிகள் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக் கூடாது என்று இருந்த வரம்பையும் 2017-ல் எடுத்துவிட்டார்கள். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் மற்றவர்களும் ஏழு வருஷம் வழக்கு நடத்தினார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, பணம் கொடுப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று சொல்லி அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார்கள். யார் யார் பத்திரம் வாங்கினார்கள் என்ற பட்டியலைக் கொடுக்க ஸ்டேட் பாங்க் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11 அன்று, நாளைக்கே கொடு என்றது நீதிமன்றம்.

வெளியே வந்ததைப் பார். முதல் இடத்தில் 1,368 கோடிக்கு வாங்கிய லாட்டரி கம்பெனி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் திமுகவே ஆணையத்திடம் கொடுத்த கணக்கில் இருக்கிறது. பாஜகவுக்கு எல்லாரிடமிருந்தும் சேர்த்து 6,000 கோடிக்கு மேல். பத்திரமே வாங்கவில்லை என்று சொன்ன மார்க்சிஸ்ட் கட்சி வழக்குப் போட்டவர்களில் ஒன்று. எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் வருத்தப்படட்டும், எனக்கு அதில் தயவு தாட்சண்யம் இல்லை.

பத்திரம் போனாலும் பெரிய ஓட்டை ஒன்று அப்படியே இருக்கிறது. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது. கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. 1974-ல் உச்ச நீதிமன்றம், கட்சி செலவழிப்பதையும் வேட்பாளர் கணக்கில் சேர் என்று தீர்ப்புக் கொடுத்தது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003-ல் கொஞ்சம் சரிசெய்தார்கள், ஆனாலும் தலைவர்களின் ஹெலிகாப்டர் செலவு இன்றைக்கும் வேட்பாளர் கணக்கில் ஏறாது.

மக்களால் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வருகிறதே, அதை எந்தக் கட்சி கொடுத்தது? 1999-ல் அகமதாபாத் பேராசிரியர்கள் சிலர் போட்ட வழக்கில் 2002-ல் வந்த தீர்ப்பு அது. அதையும் நீர்த்துப்போகச் செய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2003-ல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. போன தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை பிரிண்ட் எடுத்து பிரஸ் வாசலில் ஒட்டினேன். சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டு பையன்கள் நின்று வரி வரியாகப் படித்தார்கள். "அஞ்சு வருஷத்துல இவ்ளோவா ஏறும்?" என்று ஒருவன் என்னிடமே வந்து கேட்டான்.

கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லி எங்கள் ஏரியா அச்சகக்காரர்கள் சேர்ந்து ஆணையத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். நகல் இதோடு இருக்கிறது. உங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் இருக்கும் வக்கீலிடம் காட்டு. சட்டப் பிரிவு எதையாவது தப்பாகப் போட்டிருந்தால் பென்சிலால் குறித்து அனுப்பச் சொல். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் வந்துவிட்டால் நல்லது. உன் சம்பந்தியும் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பார்.

அன்புடன்,
முருகேசன்