செவ்வாய்க்குப் போகாத கதைகளுக்கும் புள்ளி போடுங்கள்

திருகோணமலைப் பாடசாலைகளின் தமிழ்மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கும் சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கும்,

வணக்கம். விஞ்ஞானச் சிறுகதைக்கு "2050இல் உலகம்" என்ற தலைப்பை இந்த முறையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அதைக் கொடுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்: பறக்கும் கார், கூட்டிப் பெருக்கும் ரோபோ, செவ்வாயில் குடியேற்றம். கடைசிப் பந்தியில் எல்லாம் கனவாகிப்போய் அம்மா எழுப்பிவிடுவார். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, புள்ளி அதற்குத்தானே விழுகிறது. எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி சீனக்குடா எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகளை, வைத்துக் கதை எழுதினாள். 1942 ஏப்ரலில் யப்பானியர் போட்ட குண்டின் சத்தம் ஒரு குதத்துக்குள் இன்னும் அடங்காமல் சுற்றுகிறது. அதை அளக்கப் போன பொறியியலாளருக்கு, குண்டு விழ முந்தி அங்கே நின்றவர்கள் பேசியதும் கேட்கிறது. "இதில் விஞ்ஞானம் எங்கே?" என்று ஒரு போட்டியில் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் நமக்குப் புதியவர் அல்ல. 1956இல் மைக் வில்சனோடு கோணேசர் மலையடியில் சுழியோடி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதியை விட்டால் அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், அதை வைத்து உலகம் முழுக்கத் தொடர்பாடலாம் என்று 1945இலேயே எழுதியவரும் அவர்தான். அந்த உயரத்திலிருந்து வடம் இறக்கி, அதைப் பிடித்து மேலே ஏறலாம் என்ற யோசனை அவருடையதல்ல. ரஷ்யப் பொறியியலாளர் அர்த்சுதானவ் அதை 1960இல் வெளியிட்டார். கிளார்க் 1979இல் அதை இலங்கையைக் களமாக வைத்து நாவலாக்கினார். வடத்தின் அடி பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே. என்ன செய்தார்? பௌதிகத்தில் கைவைக்கவில்லை, கதைக்காகத் தீவையே தெற்கே தள்ளிவிட்டார்!

அந்தத் துணிச்சலையும் கட்டுப்பாட்டையும் பிள்ளைகளிடம் பார்த்தால் புள்ளி போடுங்கள். ரோபோ வந்ததா என்று தேடாதீர்கள்.

நம் மீனவர்களின் வள்ளத்தில் இருக்கும் மீன் தேடும் கருவியை எடுங்கள். அது ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் போகும். ஒரு செக்கனில் எதிரொலி வந்தால் ஆழம் 750 மீற்றர். நம் துறைமுக வாசலிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குவதால் திரையில் அடித்தளம் திடீரென விழும். சரி, ஒலியை அனுப்பும் முன்பே எதிரொலி வந்தால்? அதைக் கண்டவர் யாரிடம் சொல்வார், வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமா, கடற்படையிடமா? நாளைய மீன்பாட்டை இன்றே அறிந்தவர் விலையைக் கூட்டுவாரா? வானூர்தி ஒன்றும் இல்லாமலே பத்துப் பக்கம் ஓடும்.

மாயக் கதைக்கும் இதே கணக்குத்தான். இராவணன் தாயின் கிரியைக்காகக் கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளை உண்டாக்கினான் என்று அப்படியே எழுதினால் அது தலபுராணம். ஏழு கிணற்றுக்கும் சூடு வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றும் குளிப்பவரிடம் வேறு வேறு நினைவைப் பறிக்கும் என்று ஒரு விதி வையுங்கள். விதியை மீறாமல் ஒரு பிள்ளை ஏழாவது கிணறுவரை போகட்டும்.

போட்டிக்கு முன் ஒரு பின்னேரம் மாணவரைக் கரைக்குக் கூட்டிப்போய், கருவியை இயக்குபவரோடு பேசவிடுங்கள். பஸ் காசைத் தவிரப் பெரிய செலவில்லை. அப்புறம் இன்னொன்று. பரிசுக் கதைகளை அச்சடித்துப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். இப்போது மேடையில் பெயரை மட்டும் வாசிக்கிறீர்கள், கதை எந்த அலுமாரிக்குள் போகிறதென்று எழுதிய பிள்ளைக்கே தெரியாது.

இப்படிக்கு,
திருகோணமலை வாசகன் ஒருவன்