மரக்கன்று வேண்டாம், எங்கள் பள்ளத்தை அதன் கரையோடு திருப்பித் தாருங்கள்

மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும், நீர்நிலைகளைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கோவைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு பள்ளத்தின் கரையில் குடியிருக்கிறேன். ஓடையைத்தான் நாங்கள் பள்ளம் என்போம். எந்தப் பள்ளம், அதைக் குறுக்கிய வீட்டுமனை சைட் எது என்பதெல்லாம் சர்வே எண்ணோடு என் மனுவில் இருக்கிறது. மூன்று திங்கள்கிழமை வரிசையில் நின்று கொடுத்த மனு என்பதால் அதையெல்லாம் இங்கே திரும்ப எழுதவில்லை. போன வாரம் பதில் வந்தது, மொத்தம் இரண்டு வரி. வடிகால் வசதி மேம்படுத்தப்பட்டுள்ளதாம், பாதிப்புக்கு ஈடாக 200 மரக்கன்றுகள் நட்டாகிவிட்டதாம். எங்கே நட்டார்கள் என்று விசாரித்தால் எட்டு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு சைட்டின் பூங்காவில். எங்கள் பள்ளத்துக்கும் அந்தப் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நில அளவைப் புலப்படத்தில் முப்பது அடி அகலம் இருக்கிற பள்ளம் இது. டிப்பர் டிப்பராகக் கிராவல் கொட்டி இரண்டு கரையையும் மேடாக்கிவிட்டு, நடுவில் ஆறடிக்கு கான்கிரீட் வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள். கரையில் நின்ற புங்கனும் நொச்சியும் ஒரே நாளில் பொக்லைனில் போய்விட்டன.

சரி, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். என் பெரியம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவருக்கு 71 வயது, இரண்டு கறவை மாடு, கொஞ்சம் தீவனச்சோளம், அவ்வளவுதான் பிழைப்பு. கிணற்றின் உட்பக்கம், பள்ளத்தைப் பார்த்த சுவரில் ஒரு பாறை இடுக்கு உண்டு. பள்ளத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்து மூன்றாவது நாள் அந்த இடுக்கில் ஊற்று கசியும். ராத்திரி அமைதியாக இருந்தால் திண்ணைவரை சொட்டுச் சத்தம் கேட்கும். சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். போன ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. ஆனால் தண்ணீர் கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் எங்களைத் தாண்டிப் போய்விட்டது, இடுக்கில் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் பெரிய மழை வந்த ராத்திரி ஆறடி வாய்க்கால் தாங்காமல் பொங்கி, கொட்டி வைத்த கிராவலைக் கரைத்துக்கொண்டு வந்து கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டது. காலையில் மோட்டார் பைப்பைத் தூக்கிப் பார்த்தால் ஃபுட்வால்வு முழுக்கச் செம்மண். தூர்வார 45 ஆயிரம் கேட்டார்கள். பெரியம்மா ஒரு மாட்டை விற்றார். மழை பெய்தால் வீட்டு வாசலில் வெள்ளம், மழை விட்டால் கிணற்றில் தண்ணீர் இல்லை, இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்துவிட்டோம். "பள்ளத்துக்கு யாரு சாமி பட்டா குடுத்தாங்க?" என்று அவர் என்னைக் கேட்கிறார். அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்க்கிறேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அழித்த ஓடைக்கு ஈட்டை அதே ஓடையில், அதே கரையில் செய்து தர வேண்டும்.

இதில் புதிதாக எதுவும் கேட்கவில்லை. வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், கெடுத்தவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு கெட்டுப்போன சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதே நொய்யலில் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை விஷயத்திலும் அதே நியாயம்தான் பேசப்பட்டது. 2010 தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் இழப்பீட்டோடு சூழலை மீட்டுத் தருவதற்கு இடம் இருக்கிறது. தண்ணீரில் சாயம் கலந்தவர் பணம் கட்ட வேண்டும், தண்ணீர் போகும் வழியையே மூடியவர் கன்று நட்டால் போதும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

எனக்கு வருத்தம் இந்த ஒரு பள்ளத்தோடு நிற்கவில்லை. ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டம் வந்தது, நல்ல விஷயம். அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டு வரும் பள்ளங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது? 2023-ல் கொண்டுவந்த சட்டத்தில், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு நடுவே ஓடை, வாய்க்கால் இருந்தாலும் நிலத்தை ஒன்றாக்கித் தரலாம் என்று வழி செய்தீர்கள். உக்கடம் பெரியகுளத்தைச் சுற்றி நடைபாதை போட்டு விளக்கு வைத்தாயிற்று, மக்கள் சந்தோஷமாக நடக்கிறார்கள், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் மேற்கே ஒவ்வொரு பள்ளமாகச் சுருங்கிக்கொண்டே போனால் அந்தக் குளங்களுக்கு எதை நம்பித் தண்ணீர் வரும்? கரை என்பது சும்மா கிடக்கிற இடம் இல்லை ஐயா. வெள்ளத்தின் வேகத்தைக் குறைப்பது அதுதான், மண்ணை வேரில் பிடித்து வைப்பது அதுதான், கிணற்றுக்குத் தண்ணீர் இறக்குவதும் அதுதான். வரைபடத்தில் அது வெற்றிடமாகத் தெரிகிறது என்பதற்காக ஆளாளுக்கு எடுத்துக்கொள்ள விடுகிறீர்கள்.

ஆத்திரத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள், கிணறு வற்றினால் வீடு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பணிவாகக் கேட்கிறேன். புலப்படத்தை வைத்து, எங்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பள்ளத்தை அளந்து கல் நடுங்கள். கொட்டிய கிராவலை, கொட்டியவர் செலவிலேயே அள்ளச் சொல்லுங்கள். அடியில் போட்ட கான்கிரீட்டை உடைத்து மண்தரையைத் திறந்துவிடுங்கள், கரையில் பழையபடி புங்கனும் நொச்சியும் வரட்டும். பெரியம்மாவின் கிணற்றுக்கு ஆன செலவும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். இனி எந்த சைட்டுக்காவது ஓடையைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், அதே ஓடையைச் சீராக்குவதற்கான பணத்தை முதலில் கட்ட வைத்துவிட்டு அப்புறம் வரைபடத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஈடு அதே ஓடையில்தான் வேண்டும், எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பூங்காவில் வேண்டாம்.

ஆனியில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும். அதற்கு முன்னால், வைகாசிக்குள் ஒரு நாள் நேரில் வாருங்கள். என்றைக்கு என்று முந்தின நாள் சொன்னால் போதும், கிணற்றில் ஏணி போட்டு வைக்கிறேன். அந்தப் பாறை இடுக்கை நீங்களே கை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தங்கரையில் குடியிருப்பவன்